அவர் கட்டாத தாலி

என் கழுத்தில் தாலி கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பொம்பளைகளுக்கு அதுதான் ஓயாத பேச்சு. எங்களுடையது சுயமரியாதைக் கல்யாணம். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, மாலை மாற்றிக்கொண்டதோடு சரி.

"நாளைக்கு நான் செத்தா நாலு பேர் வந்து உன் கழுத்துலேர்ந்து அறுப்பாங்க. கட்டவே இல்லேன்னா எதை அறுப்பாங்க?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"வாயைக் கழுவுங்க முதல்ல!" என்று கத்துவேன். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது.

அப்புறம் சப்பான்காரன் வந்தான். ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவரை லோரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார்களாம். ஒரு வருஷம் ஓடிப் போனது, ஒரு சேதி கிடையாது. ஸ்டேஷன் வாசலில் போய் நின்றால் துப்பாக்கியைக் காட்டி விரட்டினான் பாவி. நான் யாரைப் போய்க் கேட்பேன்?

பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனும் அதே லோரியில் போனவர்தான். குழாயடியில் அவள் தன் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்புருஷன் உசிரு இந்தக் கயித்துல நிக்குதுடி. ஒம்புருஷன் உசிரு எதுல நிக்குது?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே பயந்து போய்த்தான் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து, மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். சாமி உண்டா இல்லையா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. அவருக்காக ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். வேறு என்னதான் இருந்தது என் கையில்?

தங்கத்துக்கு எங்கே போவது? கொல்லையில் விளைந்த மஞ்சளில் ஒரு துண்டை நூலில் முடிந்து, நானும் அக்காவும் மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்தோம். கட்டிவிடப் புருஷன் இல்லையே! நானே கழுத்தில் போட்டுக்கொண்டேன். அக்கா பின்னால் நின்று முடிச்சை இறுக்கினாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாக ஆட்கள் திரும்பி வந்தார்கள். அக்காவின் புருஷனும் வந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"போய்ச் சேர்ந்த கொஞ்ச நாள்லயே வாந்திபேதி, தங்கச்சி."

அப்படியென்றால், நான் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டபோதே அவர் இல்லை.

"நீ மட்டும் முன்னாடியே கட்டியிருந்தா..." என்று அக்கா ஆரம்பித்தாள். அவள் புருஷன் ஒரு அதட்டு அதட்டினார்.

காரியத்தன்று பொம்பளைகள் வந்து என்னைப் பலகையில் உட்கார வைத்தார்கள். "இது அவர் கட்டினதே இல்லை. நானே கழற்றிடறேன், விடுங்க," என்று கெஞ்சினேன்.

"நீயா கழட்டக் கூடாதும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு," என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாலி உள்ளவள் பார்க்கக் கூடாது என்று அக்காவை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் அழுவது எனக்குக் கேட்டது.

எந்த நாளும் அறுபடக் கூடாது என்றுதான் அவர் எனக்குக் கட்டவே இல்லை. அதையும் அறுத்துக்கொண்டு போனார்கள்.