இல்லவே இல்லீங்க

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. (தேதி போடாமல் நான் எழுதமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இம்முறை கிழமையோடு விட்டுவிடுகிறேன்.) பீளமேட்டில் எங்கள் எதிர்வீட்டு சுமதி கூப்பிட்டாள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கேள்வி கேட்க வருகிறாளாம். துணைக்கு நான் இருக்க வேண்டுமாம்.

சுமதியின் மகள் மதிக்குப் பன்னிரண்டு வயது. மூளை வளர்ச்சியில் அபூர்வமான ஒரு குறைபாடு. பெயரைச் சொன்னால் டாக்டர்களே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார்கள். மதி பேசமாட்டாள், நடக்கமாட்டாள். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் சுமதிதான்.

இப்படிப்பட்ட வீடுகளில் பார்த்துக்கொள்பவர்களின் சுமை எவ்வளவு என்று மார்க் போட்டு அளப்பதுதான் மாணவியின் வேலை. மார்க் அதிகமானால், பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் பிள்ளைக்குச் சனிக்கிழமைதோறும் இடம். சுமதிக்கு அந்த இடம் வேண்டும். ரொம்பவே வேண்டும்.

அப்படியானால் உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே? ஆனால்... வீட்டுக்கு வந்தவர்களிடம் போய்க் குறை சொல்வதா? கொங்கு மரியாதை என்ன ஆவது?

"சோர்வா இருக்குங்களா?"

"இல்லவே இல்லீங்க."

தூக்கம்? அதற்கென்ன, நன்றாக வருகிறதாம். முதுகுவலி? யாருக்குத்தான் இல்லை என்றாள்.

பிறகு சுமதி ஆரம்பித்தாள். ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, கண்ணுக்குக் கீழே ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது, ஊருக்குப் போய் எத்தனை நாளாச்சு கண்ணு... மாணவி எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னாள். சற்று நேரத்தில் சுமை மார்க்கில் அவள் சுமதியை முந்திவிட்டாள்!

பம்புசெட் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு மதியை மடியில் வைத்திருந்தார் கணவர் பழனிசாமி. 'சுமை' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் சுருங்கியது. "ஏனுங்க அம்மணி, எங்க பாப்பாவைப் போயி சுமைங்கறீங்க?"

சனிக்கிழமை கைநழுவிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்துவிட்டேன். தேதி கேட்பது.

"சுமதி, கடைசியா என்னைக்குச் சூடாக் காபி குடிச்சே?"

கையிலிருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். "இப்பத்தானுங்கண்ணா. இவரு பாப்பாவை வச்சிருக்காருல்லீங்க."

"அதுக்கு முன்னாடி?"

யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்... சிரிப்பு மெல்ல இறங்கியது.

பழனிசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாணவியிடம் திரும்பினார். "மொதல்ல இருந்து கேளுங்க அம்மணி. எங்க பாப்பா சுமை இல்லீங்க. ஆனா இவளுக்குத் தோள் வலிக்குதுங்க. ரெண்டும் வேற வேறங்க."

மாணவி மறுபடி கேட்டாள். 'இல்லவே இல்லீங்க' அதன்பின் வரவில்லை.

இடம் கிடைத்தது. முதல் சனிக்கிழமை, மதியை மையத்தில் விட்டுவிட்டு சுமதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி ஆவி பறக்கப் பறக்கக் காபி கொடுத்தாள். சுமதி ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ரொம்பச் சுடுதுங்கக்கா... ஆறட்டுமுங்க."