என் தலைக்கு வைத்த கரண்ட்

எனக்கு ஞாபக மறதி என்று கடையில் பேச்சுக் கிளம்பியபோது எனக்கு வயது நாற்பத்தாறு. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடை மெத்தையில் இருபது வருஷமாக உட்கார்ந்து புடவை காட்டுகிறவள் நான். கல்யாண வீட்டார் பதினைந்து பேர் வருவார்கள். நாற்பது புடவை விரிப்போம். எது மாமியாருக்குப் பிடித்தது, எதை நாத்தனார் முகம் சுளித்து ஒதுக்கினாள், எதைக் கல்யாணப் பெண் யாருக்கும் தெரியாமல் தடவிப் பார்த்தாள், எல்லாம் தலையில் நிற்க வேண்டும். துண்டுச்சீட்டில் குறித்தால் வந்தவர்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

ஒரு வைகாசிக் கூட்டத்தில் தப்பு நடந்தது. பெண்ணின் அம்மா முதலில் எடுத்து, கண்ணில் ஒற்றித் தனியே வைத்த முகூர்த்தப் புடவையை, வேண்டாம் என்றவற்றோடு சேர்த்து மடித்து அலமாரிக்கு அனுப்பிவிட்டேன். தேடினால், அடுத்த மெத்தையில் வேறொரு குடும்பம் அதை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எடுத்து வைத்த முகூர்த்தப் புடவை கை மாறுவது அபசகுனம். அந்த அம்மாள் செருப்பைத் தேடினாள். பின்னாலேயே பதினைந்து பேரும் எழுந்து போனார்கள்.

மறுநாளே முதலாளி மகன் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார். வயசாயிடுச்சுக்கா, பரவாயில்லை என்று ஆறுதல் வேறு சொன்னார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பரவாயில்லையாம்! மெத்தை என் இடம். அதைத் திரும்பப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சென்னையில் படிக்கும் என் மகள்தான் அந்த ஆராய்ச்சியைச் சொன்னாள். நோய் இல்லாதவர்கள் தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தினால், ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னொன்றை மனதில் வைத்திருக்கும் திறன் கூடுமா என்று பார்க்கிறார்கள். ஊசி, கத்தி எதுவும் கிடையாது. நல்லா இருக்கிற தலைக்கு எவளாவது கரண்ட் வைப்பாளா என்று என் வீட்டுக்காரர் கத்தினார். நல்லா இல்லை என்று கடையே சொன்னபோது எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

பத்து நாள் லீவு போட்டு ரயிலேறினேன். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை நெற்றியில் வைத்துக் கட்டினார்கள். எறும்பு ஊர்வதுபோல் கொஞ்சம் அரித்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததே மறுபடி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் நான் ஒரு புடவை நிறம் கொடுத்துக்கொண்டேன். அரக்கு, மாம்பழம், மறுபடி அரக்கு, அழுத்து. நாளுக்கு நாள் மதிப்பெண் ஏறியது.

திரும்பி வந்து ஒரு வாரம் மெத்தை கேட்டேன். முதலாளி மகன் தயங்கித்தான் கொடுத்தார். நான் சொதப்பினால் பிடிக்க, பேக்கிங்கிலிருந்து ஒரு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார். சும்மா எப்படி உட்காருவது என்று அவள் நான் விரித்ததையெல்லாம் மடித்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் ஏழு கல்யாணம். ஒரு புடவைகூடத் தப்பவில்லை.

கடையே வாயைப் பிளந்தது. முதலாளி மகன் அந்த மாதிரிக் கருவியைப் போனில் தேடி, எல்லாப் பெண்களுக்கும் மாட்டிவிடலாம் என்று சொல்லித் திரிந்தார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, மறுக்க மாட்டேன்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்களின் போன். ஆராய்ச்சி முடிந்ததால் சொல்லலாமாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு அரிப்பு வரும்வரை மட்டும் கரண்ட் விட்டு நிறுத்திவிடுவார்களாம். நான் அந்தப் பாதி. முழுக்க வாங்கியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

சொல்லாமல் இருந்தால் மெத்தை எனக்கே. ஆனால் யோசிக்க யோசிக்கக் கோபம் பொங்கியது. முன்பெல்லாம் மெத்தைக்கு இரண்டு பேர். ஒருத்தி காட்டுவாள், ஒருத்தி மடிப்பாள். ஆள் அதிகம் என்று அந்த வைகாசியில் மடிக்கிறவளை நிறுத்தியவர் இதே முதலாளி மகன். காட்டவும் மடிக்கவும் பதினைந்து வாய்க்குப் பதில் சொல்லவும் நான் ஒருத்தி. தப்பு நடந்த அன்று மத்தியானச் சோறுகூடத் தின்னவில்லை. பழி மட்டும் என் தலைமேல்.

நேராகக் கல்லாவுக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் நின்றார்கள், நிற்கட்டும். எனக்குக் கரண்ட் முழுசாகப் போகவே இல்லை என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் எப்படிக்கா ஒரு வாரமா தப்பே வரலை என்று கேட்டார்.

"மடிக்க ஆள் இருந்துச்சு, தம்பி. என் தலை அப்பவும் நல்லாத்தான் இருந்துது, இப்பவும் நல்லாத்தான் இருக்குது. மிஷின் வாங்குற காசுல மெத்தைக்கு ஒரு ஆளப் போடுங்க. அந்தம்மாவ எழுப்பினீங்கன்னா, நானும் எழுந்து போயிடுவேன்."