இடது தோளில் ஒரு துவக்கு

ஜெர்மனியின் ஹம் நகரில் ஓர் இறைச்சிக்கடையில் இருபது வருடமாகக் கத்தி பிடிக்கிறேன். இலையுதிர்காலம் வந்தால் அக்கம்பக்கத்து வேட்டைக்காரர்கள் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். தோலுரிப்பதும் நான், துண்டாக்குவதும் நான், காட்டைப் பற்றிக் கதையளப்பது மட்டும் அவர்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில், துப்பாக்கியோடு வேட்டைக்குப் போக அனுமதி தரும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

செய்தி கோயில் வரைக்கும் போய்விட்டது. பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, துவக்கு வாங்கப் போறியளாம். நல்லது. எங்கட வீடுகளில நகை கிடக்குதெண்டு கள்ளருக்கெல்லாம் தெரியும்."

"துவக்கு இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கும் தம்பி. கள்ளன் வந்தால், நான் நம்பர் அமத்தித் திறக்குமட்டும் அவரை இருத்தி ஒரு தேத்தண்ணி குடுக்கவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த நாட்டில் கள்ளனுக்குப் பயம் என்று எழுதிக்கொடுத்தால் துவக்கு தரமாட்டார்கள் என்று விளக்கினேன். வேட்டை என்றோ விளையாட்டு என்றோ காரணம் இருக்கவேண்டும், அதையும் நிரூபிக்கவேண்டும். அவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

வீட்டில் மனைவி வேறொன்று கேட்டாள்.

"இஞ்சருங்கோ, வெடிச்சத்தத்துக்குப் பயந்துதானே நாங்கள் இஞ்ச ஓடி வந்தனாங்கள்?"

காட்டுக்குள் பயமில்லாமல் ஒருநாள் நடந்து பார்க்கவேண்டும் என்று சொன்னேன். அவள் அதற்குமேல் தடுக்கவில்லை.

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். மானின் வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு பகுதிக்கும் டொச் மொழியில் பெயர் சொல்லுவேன். ரைபிளால் சுடுவதிலும் பிரச்சினை இல்லை. மானமே போனது இரட்டைக்குழல் துவக்கில்தான். மேலே எறியப்படும் களிமண் தட்டுகள் பத்தில் மூன்றை உடைத்தால் போதும். முதல் முறை ஒன்று உடைந்தது. இரண்டாம் முறை அதுவும் இல்லை. மூன்றாம் முறையும் தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்தப் புத்தகங்களை இன்னொரு தடவை படிக்க என் மண்டையில் இடமில்லை. காடு அத்தோடு சரி.

பிழை வகுப்பில் தருகிற இரவல் துவக்கில்தான் என்று முடிவுகட்டி, துவக்குக் கடை ஒன்றுக்குப் போனேன். கடையை நடத்தியது என் மகளின் வயதுள்ள ஒரு ஜெர்மன் பிள்ளை. குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நல்லதா, மேலும் கீழுமாக இருப்பது நல்லதா, நீளம் என்ன, பாரம் என்ன என்று நான் பெரிய மேதாவிபோல அடுக்கி, ரைபிளில் தேறியதையும் தட்டுகளில் தவறியதையும் சொல்லிக்கொண்டே போனேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை வருகிறமாதிரிச் சேர்த்துப் பிடியுங்கள். அதற்குள்ளால் அந்தச் சுவர்மணிக்கூட்டைப் பாருங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள்."

மூடினேன். மணிக்கூடு மறைந்துவிட்டது.

"உங்கள் இடது கண்தான் குறி பார்க்கிறது. ரைபிளுக்கு அந்தக் கண்ணை மூடிவிடுகிறீர்கள், அதனால் தப்பிவிட்டீர்கள். பறக்கிற தட்டுக்கு இரண்டு கண்ணும் திறந்திருக்கவேண்டும். வலது தோளில் வைத்தால் தட்டுக்குப் பக்கத்தில்தான் சுடுவீர்கள்."

உள்ளே போய், தோளில் ஊன்றும் மரக்கட்டை மறுபக்கம் லேசாக வளைந்த ஒரு துவக்கை எடுத்துவந்து நீட்டினாள். இடக்கைக்காரருக்கானதாம். எனக்கு இடக்கை பழக்கமில்லை என்றேன்.

அது பொய். நான் பிறவியிலேயே இடக்கையன். சாப்பிடும்போதும் எழுதும்போதும் அம்மா என் இடக்கையைக் கதிரைச் சட்டத்தோடு சீலைத்துணியால் கட்டிவிடுவா. எத்தனை மாதம் கட்டினா என்று நினைவில்லை. ஆனால் இன்றைக்கும் யாருக்காவது இடக்கையால் ஒன்றை நீட்டிவிட்டால் உடம்பு கூசும். அம்மாமேல் இருந்த கோபம் ஐம்பது வயது தாண்டியும் எனக்குள் அப்படியே கிடந்தது.

கூச்சத்தோடு இடது தோளில் வைத்துப் பார்த்தேன். சொந்த வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தமாதிரி இருந்தது.

அனுமதி கையில் இல்லாதவனுக்கு அவள் துவக்கை விற்க முடியாது. ஆனால் மூன்று சனிக்கிழமைகள் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, அந்தத் துவக்கோடு சுடும் மைதானத்துக்குத் தானே வந்து என் பக்கத்தில் நின்றாள். ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். வேறு வேலையில்லை என்றாள். கடையில் வேலை குவிந்து கிடந்ததை நான் கண்ணால் கண்டவன். அவளுக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன்.

பரீட்சையன்று முதல் நான்கு தட்டும் தப்பின. பேசாமல் வலது தோளுக்கு மாற்றுவோமா என்றுகூட நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் நின்ற அவள் தன் இடது தோளில் இரண்டு தரம் தட்டிக் காட்டினாள். ஐந்தாவது தட்டு தூளாகியது. பிறகு ஏழாவது. எட்டும் ஒன்பதும் தப்பிவிட்டன. பத்தாவது வெடித்துச் சிதறியபோது நான் போட்ட கூச்சலுக்குப் பரீட்சை அதிகாரி என்னைக் கண்டித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் நின்று, கொலோன் நகரில் தங்கை வீட்டில் இருக்கிற அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, பாஸ். இடக்கையாலதான் சுட்டனான்."

கடைசி வசனம் வேண்டுமென்றே சொன்னது. குத்தட்டும் என்றுதான் சொன்னேன்.

"எனக்கும் இடக்கைதான் மோனை," என்றா. "என்ர கையில கிடக்கிற தழும்பு என்னெண்டு நினைச்சனி? எங்கட ஐயா, உன்ர அம்மப்பா, வைச்ச சூடு."

அடுப்பில் பட்ட காயம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"நீயும் இடக்கையால சோறு அள்ளினதைக் கண்டதும் எனக்கு உயிரே போச்சு. அவர் கண்டால் உனக்கும் வைப்பார். அதுதான் முந்திக்கொண்டு கட்டினனான். நோகக்கூடாதெண்டு நல்லாத் தேஞ்ச சீலையாப் பார்த்துத்தான் கட்டினனான்."

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நன்றி சொல்லுகிற பழக்கம் இல்லை. அன்றைக்கு நான் சொன்னேன்.