ஏலம் எடுத்தும் வராத பேனாக்கள்

பேனா விற்கிறவர்களை நான் ஒரு காலத்தில் பரம சாதுக்கள் என்று நினைத்திருந்தேன். பழைய மைப் பேனாவைத் துடைத்து, வெள்ளைத் துணியில் கிடத்தி, படம் எடுத்துப் போடுகிற மனிதன் என்ன பெரிய அயோக்கியத்தனம் செய்துவிடப் போகிறான்? செய்வான். நன்றாகவே செய்வான். ஏலத்தில் நம்மை ஜெயிக்க வைத்து, வாழ்த்துச் சொல்லி, மறுநாள் காலையில் "சாரி சார்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

எனக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சரக்குப் பரிசோதிக்கும் வேலை. கப்பலேறப் போகிற பெட்டிகளில் சிலதைப் பிரித்து, சட்டைகளை உருவி, டேப் வைத்து அளந்து, தையல், கறை, ஓட்டை எல்லாம் பார்த்து, தேறும் தேறாது என்று எழுதிக் கொடுக்கிறவன் நான். என்னைக் கண்டால் கம்பெனிக்காரர்களுக்கு முகம் கோணும். டீ மட்டும் உடனே வரும். பழைய பேனா வாங்கிச் சேர்ப்பது எனக்கு ஒரு கிறுக்கு. பெரிய கிறுக்கு என்று சொல்ல முடியாது, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்த பேனா எனக்கு வேண்டியதல்ல, என் மனைவிக்கு வேண்டியது. அவள் ரொம்ப வருடம் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவள். தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூல்களைச் சின்னக் கத்திரியால் நறுக்கும் வேலை அது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தி அழுத்தி அந்த மூட்டு தேய்ந்துவிட்டது. டாக்டர் இனிமேல் கத்திரியைத் தொடக் கூடாது என்று சொன்னதும் வேலையை விட்டாள். விட்டவள் சும்மா இருந்தாளா? தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். பெருமாநல்லூரில் எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் இவள் சோழர் கால நீர்ப்பாசனம் படித்துக்கொண்டிருந்தாள்.

பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வில்லங்கம் பரீட்சையில்தான். மூன்று மணி நேரம் கையால் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனாவை அழுத்திப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் வீங்கிப் போகும். சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாமே என்றேன்.

"என்ற பரீட்சைய இன்னொருத்தர் எழுதறதுக்கு நா எதுக்குங்க படிக்கோணும்?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் வருடம் என் டப்பாவிலிருந்த ஒரு பேனா அவளைக் காப்பாற்றியது. கட்டைவிரல் பருமனில், கருப்பாக, எடையே இல்லாமல் இருக்கும். காகிதத்தைத் தொட்டாலே போதும், மை இறங்கும். அழுத்தவே வேண்டாம். எந்தக் காலத்திலோ மூடிப்போன ஒரு சின்னக் கம்பெனி செய்தது. அந்தப் பேனாவால் எல்லாப் பரீட்சையும் எழுதினாள். கடைசிப் பரீட்சை முடிந்து எழுந்தபோது அது பெஞ்சுக்கடியில் உருண்டு விழ, பின்னால் வந்த யாரோ மிதித்து, உடம்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒட்டிப் பார்த்தோம், ஒழுகியது. புதுப் பேனாக்கள் எத்தனையோ வாங்கிக் கொடுத்தேன். ஒன்று குச்சி மாதிரி மெலிசு, இன்னொன்று இரும்புக் கனம், மற்றொன்று காகிதத்தைக் கிழித்தது. இரண்டாம் வருடப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே ரகப் பேனா வேண்டுமானால் ஏலம் ஒன்றுதான் வழி.

பேனாக் கிறுக்கர்கள் கூடியிருக்கிற இணையக் குழு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே ஏலம் நடக்கும். ஜெயித்தவருக்கு விற்றவர் பேனாவை அனுப்ப வேண்டும், அதுதான் விதி. விதியை மீறினால் என்ன ஆகும் என்பது பற்றி மட்டும் விதி எதுவும் கிடையாது.

முதலில் ஒரு சென்னைக்காரர் அதே ரகப் பேனாவைப் போட்டார். ஜெயித்தேன். இரண்டு நாள் கழித்து, "எங்கம்மா அதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துட்டாங்க சார்" என்று எழுதினார். சரி, அம்மாக்கள் கொடுக்கக் கூடியவர்கள்தான், போகட்டும் என்று விட்டேன். அடுத்தது தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். அதையும் நான்தான் எடுத்தேன். அவர் எழுதியது இன்னும் அழகு. பேனாவை எலி கடித்துவிட்டதாம்! அட கெரகமே, ஊரில் நெல் விளைகிறது, கரும்பு விளைகிறது, அந்த எலிக்கு என் பேனாதான் கிடைத்ததா?

சில வாரங்களில் அதே தஞ்சாவூர்ப் பேனா மறுபடியும் ஏலத்துக்கு வந்தது, ஆரம்ப விலையே முன்னதைவிட மேலே. எனக்கு ரத்தம் கொதித்தது. சமையலறைக்குப் போய், "பாரு புள்ள, எலி கடிச்ச பேனா எப்படி மினுமினுங்குதுன்னு பாரு!" என்று ஃபோனை நீட்டினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு விளம்பரத்தை நிதானமாக வாசித்தாள். மூடியோடு நீளம், மூடி இல்லாமல் நீளம், நடுவில் சுற்றளவு, நிப்பு தேய்மானம் இல்லை, வெயிலில் எடுத்த படங்கள் இணைப்பு. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நீங்க கேட்டு அனுப்புன அளவுதானுங்களே?"

ஆமாம். ஏலம் முடிந்த கையோடு நான் விற்கிறவருக்கு ஒரு அட்டவணை அனுப்புவேன். இன்னின்ன இடத்தில் அளந்து சொல்லுங்கள், டியூப் லைட்டில் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், நிப்பைக் கிட்டத்தில் காட்டுங்கள், ரிப்பேர் ஏதாவது செய்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பனியனுக்கு அனுப்புகிற மாதிரிதான். அந்தத் தஞ்சாவூர் மகராசன் அத்தனையையும் அளந்து பார்த்திருக்கிறான், இவ்வளவு கேட்கிறார்களே, இது ஏதோ பெரிய சரக்கு போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்திருக்கிறான், எலியை ஏவிவிட்டிருக்கிறான், என் அட்டவணையையே விளம்பரமாகவும் போட்டுவிட்டான்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து சிரித்தாள். "நாமளே அளவெடுக்கச் சொல்லி, நாமளே வெலைய ஏத்தி உட்டுப்போட்டமுங்க!"

"கேட்டது தப்பா? பாக்காம வாங்க அது என்ன பொட்டலம் கட்டுன புளியா?" என்று கத்தினேன். இன்றைக்கும் அதே கட்சிதான் நான். ஆனால் விலை எங்களுக்கு எட்டாமல் எகிறி, அந்தப் பேனா வேறு யாருக்கோ போனது. அன்று சாயங்காலம் அவள் வலது கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, எனக்குக் கத்தத் தெம்பில்லை.

"இனி ஏலத்த நான் பாத்துக்கறனுங்க. ஃபோன எங்கிட்டக் குடுங்க" என்றாள்.

மூன்றாவதாக அதே ரகத்தில் ஒரு பேனா தூத்துக்குடியிலிருந்து வந்தது. படம் ஒன்றே ஒன்று, அதுவும் மங்கல். நானாக இருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். அவள் ஏலம் கேட்டு ஜெயித்துவிட்டு, விற்கிறவருக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள்: "ஏனுங்க தம்பி, பரீட்சை எழுதறதுக்கு வேணுமுங்க. எனக்குக் கட்டவெரலு வலி. மை ஒழுகாம எழுதுமுங்களா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"எழுதும்க்கா, நல்லா எழுதும்" என்று பதில் வந்தது. மறுநாளே இன்னொரு பதிவும் வந்தது. "அக்கா, கோவிச்சுக்கிடாதிய. ஒருத்தர் தனியா கூப்பிட்டு, உங்களவிட நெறையக் கூடத் தாரேங்காரு. எனக்கும் இப்ப கொஞ்சம் பணமுடை. அவருக்கே குடுத்துருதேன், என்ன?"

வந்ததே கோபம் எனக்கு! குழு நடத்துகிறவரிடம் புகார், ஆதாரத்துக்கு எல்லாப் பதிவும், அவன் ஊருக்கே நேரில் போய் நாலு கேள்வி என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். பரீட்சை வாசலுக்கு வந்துவிட்டது, இனி ஒரு பேனா எப்போது வரும், யார் கண்டது? அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசினாள்.

"போச்சாதுங்க தம்பி, பரவால்லீங்க. கூடக் குடுக்கறவங்களுக்கே குடுங்க. பரீட்சை முடியற வரைக்கும் மட்டும் எனக்கு எரவலாக் குடுப்பீங்களா? முடிஞ்சதும் பத்தரமா அனுப்பி வெச்சர்றனுங்க."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "ஏம் புள்ள, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஏலத்துல போயி எவனாவது எரவல் கேப்பானா? ஊரே சிரிக்கும்!"

"சிரிச்சாச் சிரிக்கட்டுமுங்க. எனக்கு எழுதோணும்" என்றாள்.

அவனிடமிருந்து பதிலே இல்லை. போயிற்று, இவனும் மற்றவர்களைப் போலத்தான் என்று முடிவு கட்டினேன். அவள் பால்பாயின்ட் பேனாவில் துணி சுற்றி எழுதிப் பழக ஆரம்பித்தாள். எழுதுவாள், விரலை உதறுவாள், மறுபடி எழுதுவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் பேனா! ஃபோனில் ஒரு பதிவும் வந்து சேர்ந்தது: "அக்கா, அந்த ஆளுட்ட பரீட்சை முடியட்டும்னு சொல்லிட்டேன். நீங்க நல்லா எழுதுங்க."

நான் வழக்கம்போலப் பேனாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மூடி வேறு பேனாவினுடையது. நிப்பு பின்னால் மாற்றியது. வளையம் லூசு. கம்பெனியில் இப்படி ஒரு சரக்கு வந்திருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பேன். வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் அவள் என் கையிலிருந்து பிடுங்கி, மை ஊற்றி, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டாள். பக்கம் நிறைகிற வரை நிமிரவில்லை.

"எழுதுதுங்க" என்றாள். முகம் பூராவும் சிரிப்பு.

கடைசிப் பரீட்சையன்று கல்லூரி வாசலில் வண்டியோடு காத்திருந்தேன். கூட்டத்தோடு வந்தாள். பக்கத்தில் வந்ததும் வலது கையை நீட்டி, விரல்களை மடக்கி, விரித்துக் காட்டினாள். "மூணு மணி நேரமும் எழுதுனனுங்க. கையி இருக்கறதே தெரியல." எனக்கு இருந்த சந்தோஷத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைக்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பேனாவைக் கழுவிக் காயவைத்து, பனியன் துண்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "இந்தா பாரு. ஏலத்துல ஜெயிச்சது நாம. நியாயப்படி இது நம்ம பேனா. ஏலத்துல சொன்ன வெலைய அவனுக்கு அனுப்பிச்சுட்டு வெச்சுக்கலாம். அடுத்த வருசமும் பரீட்சை இருக்குதல்ல?"

"நா எரவல்னு கேட்டு வாங்குனதுங்க."

"அடுத்த வருசத்துக்கு என்ன பண்ணுவ?"

"தெரியலீங்க" என்றாள். ஆனாலும் பெட்டியை ஒட்டினாள். என்னையே கூரியர் ஆபீசுக்கு வண்டி ஓட்டவும் வைத்தாள்.

அடுத்த வாரம் தூத்துக்குடிக்காரன் கூப்பிட்டான். பேனா வந்து சேர்ந்துவிட்டதாம், கூடத் தருகிறேன் என்றவருக்கே விற்றுவிட்டானாம். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சரிதான், காரியம் முடிந்தது, இனி நமக்கென்ன என்று நான் எழுந்து போகப் பார்த்தேன்.

"அக்கா, அவருட்ட ஒண்ணு பேசித்தான் குடுத்திருக்கேன்" என்றான் அவன். "வருசா வருசம் உங்க பரீட்சை முடியுத வரைக்கும் பேனா உங்கட்டதான் இருக்கணும், அதுக்குச் சம்மதம்னாத்தான் பேனான்னுட்டேன். அவரும் சரின்னுட்டாரு. தேதி வந்ததும் எனக்கு ஒரு போன் மட்டும் போடுங்க."

அவள் "நெம்ப சந்தோசமுங்க தம்பி" என்று மட்டும் சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், மூன்றாம் வருடப் புத்தகங்களை எடுத்து அட்டை போட உட்கார்ந்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.