கல்லாற்றில் நகர்ந்த கார்

வியாழக்கிழமை காலை ஆய்வகத் தொலைபேசிக்கு கரமனையிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா போயிட்டா, ஸ்டீபன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கோ" என்றார் விசாலாட்சி மேடத்தின் தம்பி. மேடம் நான்கு மாதமாக நோயில் இருந்தார். எதிர்பார்த்த செய்திதான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில், வெளிநாட்டுக் கார்களுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் நிறுவனத்தில், மின் பார்க்கிங் பிரேக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். கைப்பிடியை இழுப்பதற்குப் பதில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் பின்சக்கரத்தில் இருக்கும் சிறு மோட்டார், பிரேக் கட்டைகளைச் சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டுடன் இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு இறுக்குவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது எங்கள் நிரல். "இறுக்கறது சுலபம், ஸ்டீபன். இறுக்கினது அப்படியே இருக்கான்னு தெரிஞ்சுக்கறதுதான் பாடு" என்பார்.

ஒரு முறை சோதனைக் காருடன் பொன்முடி மலைக்குப் போனோம். வளைவுகளில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கி, அடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில் ஒரு சரிவில் நிறுத்தி, பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்க இறங்கினோம். சில நிமிடங்களில் கடைக்காரர், "அய்யோ, வண்டி உருளுன்னு!" என்று மலையாளத்தில் கத்தினார். திரும்பிப் பார்த்தால், கார் தானாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பெஞ்சில் வயதான தம்பதியர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, உள்ளே விழுந்து பிரேக்கை மிதித்தேன். பெஞ்சுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

மேடம் முதலில் அந்தத் தம்பதியரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, "திரும்ப மேலே போலாம்" என்றார். ஆள் இல்லாத சரிவாகப் பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் பிடி தளர்ந்தது. சூட்டில் விரிந்திருந்த வட்டு, ஆறும்போது சுருங்கியதே காரணம். ஆய்வகத்தில் நாங்கள் சோதித்ததெல்லாம் ஆறிய வட்டுகளைத்தான்.

இதைச் சரிசெய்யும் வரை வெளியீட்டை நிறுத்தலாம் என்றார் மேடம்; மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "கஸ்டமர் சொன்ன டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சில்லே, மேடம்? இது அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்."

"கேட்டதெல்லாம் பாஸ்தான் சார். வண்டி நகர்ந்துதே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

பிரேக் வெளியீட்டுக்குத் தயார் என்ற அறிக்கையில் மேடம் கையெழுத்திடவில்லை. அந்த வாரமே அவரைக் குழுவிலிருந்து மாற்றினார்கள். அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டவன் நான்.

மறுநாள் கேன்டீனில் மேடம் கேட்டார்: "போட்டுட்டேளா?"

"போட்டுட்டேன், மேடம்."

"சரி. கல்லாறு ரீடிங்ஸை மட்டும் அழிச்சுடாதேங்கோ."

அந்த அளவீடுகளைத் தம் பெயரிலேயே, மேலாளருக்கும் ஒரு நகல் வைத்து, வாடிக்கையாளருக்கு அனுப்பினார். அவர்கள் வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். சூடாக நிறுத்திய கார், சில நிமிடங்கள் கழித்துத் தானே இன்னொரு முறை இறுக்கிக்கொள்ளும் நிரல் அப்படித்தான் வந்தது. குழுவில் இல்லாவிட்டாலும் அதை எழுதியவர் அவர்தான். ஆவணத்தில் அவர் பெயர் இல்லை; கேட்கவுமில்லை.

போன மாதம் மருத்துவமனையில் பார்த்தேன். பல வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்: "அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டது தப்பு, மேடம்."

"தப்புதான்" என்றார். ஆறுதலாக எதையும் சேர்க்கவில்லை. உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். இருவரும் சாப்பிட்டோம்.

போய் வாருங்கள், மேடம்.