டத்தோ வெளியே போன கூட்டம்

பெக்கான் நானாஸ் அன்னாசி ஆலையில் டின்களுக்கு லேபிள் ஒட்டச் சேர்ந்த பிரேமலா, மெல்ல மெல்ல பேக்கிங் பிரிவுக்குத் தலைவியாகி, போன வருஷம் இயக்குநர் குழுவிலும் உட்கார்ந்தார். உட்கார வைத்தவர் அரச விருதான ‘டத்தோ’ பட்டம் பெற்ற தலைமை நிர்வாகி குணாளன். மூடிக்கிடந்த ஆலையைத் தூக்கி நிறுத்தியவர். அவரிடம் இருந்த பங்கு கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அவருக்குச் சம்பளம் உயர்த்திய இயக்குநர் கூட்டத்தின் முடிவை எதிர்த்து, சில பங்குதாரர்கள் வழக்குப் போட்டுவிட்டார்கள். வாக்குமூலம் கொடுக்க, ஜொகூர் பாருவில் தன் வக்கீல் ஆப்ரின் முன்னால் பிரேமலா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டத்தோ முறைப்படி வெளியே போயிட்டாங்கம்மா. கதவைக்கூட சாத்திட்டுத்தான் போனாங்க.”

“அப்புறம்?”

“நாங்க கறிபாப் சாப்பிட்டோம். யாரும் வாயத் திறக்கல. அவங்க இல்லாம எப்படி முடிவு பண்றது லா? நான்தான் ஒரு கப் தே எடுத்துட்டுப் போயி, சம்பளம் எவ்வளவு போடட்டும் டத்தோன்னு கேட்டேன். அவங்க சொன்ன தொகைக்கே எல்லாரும் கை தூக்கினோம்.”

ஆப்ரின் பேனாவைக் கீழே வைத்தாள். “அலமாக்! அக்கா, அவங்க சொல்லாம நீங்களா முடிவு எடுக்கத்தானே அவங்கள வெளிய அனுப்புறது?”

“போனாங்களே!”

“பங்கு கம்மியா இருந்தாலும், அவங்க சொல்றதுதான் நடக்குதுன்னா கோர்ட்டு அவங்களையே கம்பெனிய ஆட்டிவைக்கிற ஆளா பார்க்கலாம். அந்தச் சம்பளம் நியாயம்னு அவங்கதான் காட்டணும்.”

“அப்ப நாங்க கை தூக்கினது?”

“உங்க முடிவுன்னா நீங்களும் பதில் சொல்லணும். பதவியும் போகலாம். அதான் ‘பயந்து சம்மதித்தேன்’னு எழுதியிருக்கேன். உங்களுக்குப் பாரம் குறையும்.”

பிரேமலா குழம்பிப்போனார். பயமா? தன் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, ரசம் கேட்டு வாங்கிக் குடித்த மனுஷன். ஒருநாளும் அதட்டியதில்லை. அவர் கூடுதலாகக் கேட்டிருந்தால் குழுவும் கூடுதலாகவே போட்டிருக்கும். அது மரியாதையா, நன்றியா, யோசிக்கிற வேலை மிச்சம் என்ற சோம்பலா?

“பயம்னு போட்டத எடுத்துடுங்கம்மா.”

“வேற என்னன்னு எழுதட்டும்?”

“தெரியலன்னு.”

“அக்கா, அது உங்களுக்கே வினையா முடியும்.”

“முடியட்டும். பயம் இல்லையே.”

ஆப்ரின் வரியை மாற்றி மறுபடி அச்செடுத்தாள். பிரேமலா முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைத் திருகியபடியே கேட்டார்.

“இது டத்தோவுக்கு நல்லதா, கெட்டதா?”

“சத்தியமா எனக்கே தெரியலக்கா.”