தென்துருவத்துக்குப் பாஸ்போட் எடுத்த கன்னையா அப்பு

தெஹியோவிட்டவிலிருந்து நாலு மைல் மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே, கொஸ்வத்தைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. அங்கே பெரிய துரையின் பங்களாவில் இருபத்திரண்டு வருடம் சமையல் செய்த கன்னையா அப்பு, தென்துருவத்துப் பனிக்கடலுக்குப் போவதற்கென்றே பாஸ்போட் எடுத்தவர். சப்ரகமுவ மாகாணத் தமிழரில் அந்தக் காரியத்துக்காக அதை எடுத்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சிலை வைக்காவிட்டாலும் போகட்டும், அவர் எப்படிப் புறப்பட்டார், எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டாமா?

முதலில் பங்களாவின் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். துரை எதைச் சொன்னாலும் அப்பு "யெஸ் சேர்" என்பார். விளங்கினாலும் யெஸ் சேர், விளங்காவிட்டாலும் யெஸ் சேர். "என்னங்க துரை சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்பது, துரைக்குப் பேசத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். கன்னையாவுக்கு முன்னிருந்த அப்பு ஒருநாள் அப்படிக் கேட்டார். மறுநாள் காலை மாட்டுப்பட்டியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கன்னையா புத்திசாலி. ஒருமுறை துரை என்ன கேட்டார் என்று பிடிபடாமல், அவித்த முட்டை, சவரக்கத்தி, குடை மூன்றையும் ஒரே தட்டில் கொண்டுபோய் வைத்தார். மூன்றில் ஒன்று சரியாக இருந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தன் முறையில் அசையாத நம்பிக்கை.

1969ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் விருந்து. பெரிய துரை பிரெஸ்காட்டின் பங்களாவில் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் நாலு பேர் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிரெஸ்காட் துரை சீமையிலிருந்து தபாலில் வந்த வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கைக்குக் கை சுற்றவிட்டார். அதிலே நீல நிறத்தில் பனிமலைகள், கறுப்புக் கோட்டுப் போட்ட பறவைகள், நடுவே சிவப்பாகச் சின்னஞ்சிறு கப்பல் ஒன்று. தொண்ணூறு பேர் மட்டும் ஏறக்கூடிய கப்பல். உலகத்தின் தென்கோடி வரை போய், பனியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருமாம். அடுத்த வருடத்துக்கு அடுத்த தை மாதம் துரை அதில் போகிறார்.

"அங்கே சாப்பாடு என்ன?" என்று ஒரு துரை கேட்க, பிரெஸ்காட் துரை பின்னால் நின்ற அப்புவைப் பார்த்துத் தோட்டத்துத் துரைமாருக்கே உரிய தமிழில் சொன்னார்:

"கன்னையா! நீயும் வாறது. பாஸ்போட் எடுக்கிறது. ஐஸ் மேலே நின்னு மிளகுத்தண்ணி போடுறது. சரியா?"

துரைமார் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"யெஸ் சேர்" என்றார் கன்னையா.

அவர் சிரிக்கவில்லை. உத்தரவு கிடைக்கும்போது சிரிப்பது ஒழுங்கீனம்.

மறுநாள் காலை தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் ஏரம்பமூர்த்தியின் முன்னால் போய் நின்றார். ஏரம்பமூர்த்தி யாழ்ப்பாணத்து மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:

"பாஸ்போட்டோ? ஆருக்கு?"

"எனக்குத்தாங்க ஐயா. துரை கூட ஐஸ் கடலுக்குப் போறேன்."

"அது கிடக்கட்டும். முதலிலை நீர் எந்த நாட்டுப் பிரசை எண்டு சொல்லும் பாப்பம்."

"நா கொஸ்வத்தை தோட்டம்ங்க."

"தோட்டம் நாடில்லை, கன்னையா. நீர் இப்ப ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை. ரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு உங்களைப் பங்கு பிரிக்கிறாங்கள். இலங்கை வேணுமெண்டு கேட்டால் எப்ப கிடைக்கும், கிடைக்குமோ எண்டே ஒருத்தருக்கும் தெரியாது. இந்தியா எண்டு எழுதினால் பாஸ்போட்டே கையிலை தருவினம்."

"அப்ப அதையே எழுதுங்க ஐயா."

ஏரம்பமூர்த்தியைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அன்று அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "வடிவாக் கேளும். இது வந்தால் நீரும் பெண்சாதியும் ஒருநாள் பெட்டி படுக்கையோடை இந்தியாவுக்குப் போய்த்தான் ஆகவேணும். பிறகு வந்து என்னட்டை அழக்கூடாது."

கன்னையா அனுதாபத்தோடு சிரித்தார். படித்த மனிதர்களுக்குச் சில விஷயங்கள் விளங்குவதில்லை. "துரை இருக்காருங்களே ஐயா. அவரு ஒரு கடுதாசி போட்டா கவுர்மெண்டு கேக்காதுங்களா?"

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது தெரியும். கல்யாணத்துக்கு லீவு, ஆஸ்பத்திரியில் கட்டில், பொலிசில் பிடிபட்ட மைத்துனனுக்கு விடுதலை, எல்லாமே துரையின் கடுதாசியால் நடந்தவை. அரசாங்கம் என்பது அந்தக் கடுதாசியை வாசிப்பதற்காகக் கொழும்பில் இருக்கும் ஓர் ஆபீஸ் என்பதே கன்னையாவின் எண்ணம். துரையிடம் போய், "நெசமாவே என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் சட்டம் சட்டம்தான்.

மிச்சமிருந்தது வெள்ளையம்மா. அவருடைய மனைவி, ரப்பர் மரத்துப் பால்வெட்டில் முப்பது வருடம். ஒரே மகள் அழகம்மா கீழ் லயத்து வரிசை வீடொன்றில், இலங்கைப் பிரஜையான புருசனோடு இருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவது தரித்திருந்தது.

"யாராச்சும் இந்தியாவுக்கு எழுதிக் குடுக்கச் சொன்னா, ரேகை வச்சிராதீங்க" என்று வெள்ளையம்மா தினமும் சொல்வாள். "எம் மகளை விட்டுட்டு நா எங்கேயும் வரமாட்டேன். நீங்க வேணும்னா உங்க துரையைத் தூக்கித் தோள்ல வச்சிக்கிட்டுப் போங்க."

"யாரு எழுதுனா? ஒனக்கு எப்பவும் சந்தேகம்."

எழுதி அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது.

குடும்பத்துக்கு ஒரே பாஸ்போட், அதற்குப் புருசனும் பெண்சாதியும் சேர்ந்த படம் ஒன்று வேண்டும். துரையோடு தூரதேசம் போகுமுன் நினைவுக்கு ஒரு படம் என்று சொல்லி அவளை அவிசாவளை பஸ்ஸில் ஏற்றினார். படக்கடை முக்தார் நானா இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"உம்மா, கொஞ்சம் சிரிங்களேன். மையத்து வீட்டுக்கு வந்த மாதிரி இரிக்கிறீங்க."

"சிரிச்சா பல்லு தெரியுமே தம்பி."

"தெரியட்டுமே. காசு ஒண்டுதான்."

வெள்ளையம்மா சிரித்தாள். முப்பது வருடத்தில் புருசன் தன்னை ஒரு கடைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை. வரும் வழியில் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். கன்னையாவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. தெஹியோவிட்ட வருவதற்குள் அது சரியாகிவிட்டது.

அதன் பிறகு அவர் குளிருக்கு உடம்பைப் பழக்கத் தொடங்கினார். பங்களாவின் மண்ணெண்ணெய் ஐஸ் பெட்டியிலிருந்து கட்டிகளை வாளியில் கொட்டி, மதியம் துரை தூங்கும் நேரத்தில் காலைவிட்டு உட்கார்ந்திருப்பார். துரை எறிந்த கம்பளிச் சட்டையைச் சித்திரை வெயிலில் மாட்டிக்கொண்டு லயத்து வழியாக நடப்பார். வேர்வை காலில் ஓடும்.

"என்னா அப்பு, ஐஸ்பழம் விக்கக் கெளம்பிட்டீங்களா?" என்று பால்வெட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

பங்களா டிரைவர் சிங்களவர். "பிஸ்ஸு, இந்த ஆளுக்கு நல்லாவே பிஸ்ஸு" என்று தலையில் விரலைச் சுழற்றிக் காட்டுவார்.

கன்னையா நடையை நிறுத்துவதில்லை. பெரிய யாத்திரைக்காரர்களைப் பார்த்து ஊர் முதலில் சிரிப்பது வழக்கம். இவரைப் பார்த்து ஊர் முதலிலும் சிரித்தது, கடைசியிலும் சிரித்தது, அதுதான் வித்தியாசம்.

1970 கார்த்திகையில் பாஸ்போட் வந்தது. உள்ளே அவரும் வெள்ளையம்மாவும். அவள் பல் தெரியச் சிரித்தபடி. துரையின் பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம். கன்னையா வெள்ளைக் கோட்டுக்குப் பட்டன் போட்டு, காலைத் தேநீர்த் தட்டில் கோப்பைக்குப் பக்கத்தில் பாஸ்போட்டை வைத்துக்கொண்டு துரையின் கட்டிலருகே போனார்.

துரை அதை எடுத்தார். திருப்பினார். படத்தைப் பார்த்தார்.

"என்ன இது?"

"பாஸ்போட், சேர். ஐஸ் கடலுக்கு, சேர். மிளகுத்தண்ணி, சேர்."

துரைக்கு நினைவு வர ஒரு நிமிடம் ஆனது. வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். தேநீர் மெத்தையில் கொட்டியது. எழுந்து போய் டெலிபோனைச் சுழற்றி, பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கு முழுக் கதையையும் சொன்னார். அங்கிருந்தும் சிரிப்பு வந்தது. கன்னையா மெத்தையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த துரை கண்ணீரைத் துடைத்தார். "அது தமாஷ் பேசுறது, கன்னையா. கப்பல்ல வேற கோக்கி இருக்கிறது." பிறகு பாஸ்போட்டை மறுபடி பார்த்து, முகம் கனிந்து சொன்னார்: "ஆனா நல்லது. நீ இந்தியா போறது. சொந்த ஊர் போறது. ரொம்ப நல்லது."

கன்னையா பிறந்தது கொஸ்வத்தை மூன்றாம் லயத்தில். இந்தியாவை அவர் பள்ளிக்கூடத்துச் சுவர்ப் படத்தில்கூடப் பார்த்ததில்லை, பள்ளிக்கூடம் போகாததால்.

அன்றுதான், இருபத்திரண்டு வருடச் சட்டத்தை மீறி, அவர் வாய் திறந்தார். "துரை ஒரு கடுதாசி குடுக்கணும் சேர். கவுர்மெண்டுக்கு."

"ஓ, நிச்சயமா குடுக்கிறது!"

துரை அன்றே உட்கார்ந்து, தன் கைப்பட ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார். கன்னையா ஓட்டமும் நடையுமாக அதை ஆபீசுக்குக் கொண்டுபோனார். ஏரம்பமூர்த்தி கண்ணாடியை இறக்கி மெதுவாக வாசித்தார்.

"என்னங்க ஐயா போட்டிருக்காரு? நிப்பாட்டச் சொல்லியிருக்காருங்களா?"

"நீர் நேர்மையான ஆளாம். சுத்தமாம். குடிக்கிறேல்லையாம். உம்மடை மிளகுத்தண்ணி இந்தத் தீவிலேயே முதல் தரமாம்." ஏரம்பமூர்த்தி தாளை மடித்தார். "உம்மைப் பெறப்போற இந்தியா குடுத்துவைச்ச நாடாம். இவ்வளவுதான் கிடக்கு."

தை மாதம் துரை பனிக்கடலுக்குப் போனார். போவதற்குமுன் சமையலுக்குப் புதுக் கோக்கி ஒருவரை வைத்து, மிளகுத்தண்ணியின் பக்குவத்தை அவருக்குப் பழக்கிக் கொடுக்கும்படி கன்னையாவுக்கு உத்தரவிட்டார். யெஸ் சேர். கன்னையா உப்பைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதற்குக்கூட அவருக்கு மனம் வரவில்லை, சரியாகவே சொல்லிக்கொடுத்தார்.

இலங்கையில் தங்கக் கொடுத்த விசா முடியும் தேதி வந்தபோது புருசன் பெண்சாதி இருவர் பெயரையும் தோட்டத்துப் பேர்ப்புத்தகத்திலிருந்து வெட்டினார்கள். கங்காணி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அதை வாசித்தபோதுதான் வெள்ளையம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. பால்வாளியைக் கீழே வைத்தாள். நேரே வீட்டுக்கு வந்து, தகரப்பெட்டிக்குள் கிடந்த பாஸ்போட்டை எடுத்துத் திறந்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாது. படம் தெரியுமே.

"இதுக்குத்தானா நீ என்னைச் சிரிக்கச் சொன்னே?"

முப்பது வருடத்தில் அவள் அவரை நீ என்றது அன்றுதான்.

"சிரிக்கச் சொன்னது முக்தார் நானாடி" என்றார் கன்னையா.

அவள் சண்டை பிடிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு கீழ் லயத்துக்கு, மகளின் வீட்டுக்குப் போனாள். அழகம்மாவின் குழந்தை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. புறப்படும் நாள் காலை கன்னையா வாசலில் போய் நின்றபோது, அவள் குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரு ரெண்டு இருக்கே. ஒன்னையக் கேப்பாங்களே. பொலிசு தேடி வந்துருமே. நா என்னா சொல்றது?"

வெள்ளையம்மா நிமிரவில்லை.

"நா செத்துட்டேன்னு சொல்லு. ஒனக்குப் பொய் சொல்லவா தெரியாது?"

இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னாரில் வரிசை நீளமாக இருந்தது. மேசையில் இருந்த அதிகாரி பாஸ்போட்டைப் பார்த்தார், கன்னையாவைப் பார்த்தார், அவருக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"மனுசி எங்க?"

கன்னையா கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் அவளைப் பிடித்துக்கொண்டு வந்து ஏற்றுவார்கள். வயதான காலத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும். சோறாக்கிப் போடும், தலைவலித்தால் தைலம் தேய்க்கும். ஒரு வார்த்தைதான். அவர் பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

"எறந்துட்டாங்க, சேர்."

"எப்ப?"

"போன வாரங்க."

மேசைக்காரர் சிவப்புப் பேனாவால் வெள்ளையம்மாவின் சிரிப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பெயரையும் வெட்டி, முத்திரை குத்தினார். ஒரு பெண் இரண்டு நாட்டிலும் இல்லாமல் போவதற்கு எடுத்த நேரம், ஒரு மிடறு தேநீர் குடிக்கும் நேரம்.

இப்படியாகக் கன்னையா அப்பு கப்பலேறினார். தளத்தில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். கடற்காற்று வெந்நீர் ஆவி போலச் சூடாக அடித்தது. வரிசையில் பின்னால் நின்ற கேகாலைப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, நடந்ததைக் காதால் கேட்டவள், மெல்ல வந்து எதிரில் குந்தினாள்.

"ஐயா, போன வாரம்தான் எறந்தாங்களா? சடங்குகூட முடிக்காம ஏத்திவிட்டானுங்களா, பாவிங்க?"

கன்னையா தலையை ஆட்டினார்.

"பேரு என்னங்கய்யா?"

"வெள்ளையம்மா."

அவ்வளவுதான். கிழவி தலைமுடியை அவிழ்த்துவிட்டு வெள்ளையம்மாவின் பேரைச் சொல்லி ஒப்பாரியை எடுத்தாள். கப்பலில் அழுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த பெண்கள் எத்தனையோ பேர். ஒவ்வொருத்தியாக வந்து வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். முறைப்படி, இடையிடையே செத்தவளின் பெருமையை வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாட்டுக்குச் சரக்கு ஏது?

"சொல்லுங்கய்யா, எப்பிடிப்பட்ட பொம்பளை?"

"ரப்பர் மரத்துல காயம் படாம பால் வெட்டுவா" என்றார் கன்னையா.

அதைப் பாடினார்கள்.

"எனக்குக் காச்சல்னா ராவெல்லாம் உக்காந்திருப்பா."

அதையும் பாடினார்கள்.

"வேற?"

கன்னையா யோசித்தார். அவள் உயிரோடு, இந்நேரம் கீழ் லயத்தில் பேரப்பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் கப்பலில் யாராவது ஒருவன் அதிகாரியிடம் சொல்வான். ஆகவே முப்பது வருடத்துக்குப் பின்னால் போய், அவளிடம் ஒருநாளும் சொல்லாத நல்ல வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, முன்பின் தெரியாத பெண்களிடம் சொல்லத் தொடங்கினார். அவர்கள் ஒன்றையும் வீணாக்கவில்லை. இராமேசுவரம் கண்ணுக்குத் தெரிந்தபோதும் சொல்வதற்கு மிச்சம் இருந்தது. அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார்.